நான்கு லிட்டர் வெந்நீர்

சென்னையை அடுத்த கோவளத்தில் எங்கள் தெருவில் ஒரு பழைய ஹோண்டா சிட்டி நிற்கிறது. 2000-க்குப் பிறகு வந்த 1.5 லிட்டர் விடெக் மாடல். உப்புக் காற்று கதவின் கீழ்விளிம்பை அரித்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதன் சொந்தக்காரர் அதைக் கழுவித் துடைத்து, குடும்பத்தோடு முட்டுக்காடு வரை ஒரு நடை போய்விட்டு வருவார். அவருடைய மகன் கல்லூரி மாணவன். சில வருடங்களுக்கு முன் அவனை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு அழைத்துப் போனேன். கேளம்பாக்கம், வண்டலூர் என்று சுற்றி பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. நாங்கள் கேலரியில் உட்கார்ந்த நேரம், இந்தியன் டூரிங் கார்ஸ் வகுப்பு பயிற்சிக்காக இறங்கியிருந்தது. கூட்டத்தில் அதே மாடல் சிட்டி ஒன்று. அதே முகம், அதே நான்கு கதவு.

அது எங்களுக்கு முன்னால் இருந்த வளைவில் திரும்பிய விதத்தைப் பார்த்து அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"அங்கிள், இது எங்க வண்டிதானே? எப்படி இவ்ளோ வேகமா திரும்புது? பெரிய என்ஜின் போட்டுட்டாங்களா?"

அவன் கேள்வியின் முதல் பாதியிலேயே விடை இருந்தது. கண் பார்த்தது திரும்புவதை. மூளை போனது என்ஜினுக்கு. கார் என்றாலே நம் எல்லோருக்கும் புத்தி அங்கேதான் போகிறது. வீட்டுக் காரை ரேஸ் காராக மாற்றுபவர்கள் தொடங்கும் இடம் அதுவல்ல.

உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது

ஒரு கார் பூமியைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் விரித்த உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. முன்னால் பாய்வது, நிற்பது, திரும்புவது எல்லாமே அந்த நான்கு ரப்பர்த் திட்டுகள் வழியாகத்தான். தரையை அவை பற்றிக்கொள்ளும் வலுவைப் பிடிமானம் என்று சொல்வோம். பிடிமானம் தீர்ந்துபோன பிறகு 100 குதிரைச் சக்தி இருந்தாலும் 1,000 இருந்தாலும் சக்கரம் வெறுமனே சுழலும், அல்லது வழுக்கும்.

வளைவில் பிடிமானத்தின் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. ஒரு வளைவை 60 கிலோமீட்டரில் கடக்கும் கார் அதையே 72-ல் கடக்க வேண்டுமென்றால், வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. தேவைப்படும் பிடிமானமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. வேகம் இரு மடங்கானால் பிடிமானம் நான்கு மடங்கு வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் "கொஞ்சம்தானே கூட்டினேன்" என்று சொல்லிச் சவுக்குத் தோப்புக்குள் போய் நிற்கும் கார்கள் எல்லாம் இந்தக் கணக்கில் ஏமாந்தவைதான்.

ஆகவே முதல் மாற்றம் டயர். வீட்டுக் கார் டயர் 40,000 கிலோமீட்டர் உழைக்க வேண்டும், ஐப்பசி மழையில் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும், சத்தம் போடக் கூடாது, விலையும் கட்டுப்படியாக வேண்டும். ரேஸுக்கான ஸ்லிக் டயருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. காய்ந்த தரையில் ஓடுவதற்கு என்றே செய்த அதன் முகம் வழவழப்பானது. தண்ணீரை ஒதுக்கும் பள்ளங்கள் கிடையாது, அந்த இடமும் ரப்பர்தான். ரப்பரும் மென்மையானது. 80, 90 டிகிரிக்குச் சூடேறினால்தான் நன்றாக ஒட்டும். ரேஸ் தொடங்கும் முன் கார்கள் பாம்புபோல் நெளிந்து நெளிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். டயருக்குச் சூடேற்றுகிறார்கள்.

ரப்பருக்கு இன்னொரு குணம் உண்டு. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் சுமந்தால் இருவரும் வேகமாக நடப்பார்கள். இரண்டு குடத்தையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு மற்றவரைச் சும்மா நடக்கவிட்டால், மொத்தச் சுமை அதேதான், வேகம் குறைந்துவிடும். டயரும் அப்படித்தான். மேலே இரு மடங்கு எடை வந்தால் பிடிமானம் கூடும், ஆனால் இரு மடங்கு ஆகாது. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது உள்பக்கச் சக்கரங்களின் சுமை வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. இதைச் சுமை மாற்றம் எனலாம். அது எவ்வளவு கூடுகிறதோ, நான்கு டயர்களின் மொத்தப் பிடிமானம் அவ்வளவு குறைகிறது. ரேஸ் கார் தரையோடு தரையாகத் தாழ்ந்திருப்பது இதற்காகத்தான். எடை தாழ இருந்தால் சுமை மாற்றம் குறையும். முன்சக்கரங்களின் மேல்பகுதியை உள்நோக்கிச் சாய்த்தும் வைப்பார்கள். சடுகுடு ஆடுபவர் காலை அகட்டி நிற்பதுபோல் இருக்கும். கார் சாயும் நேரத்தில் அந்த வெளிச்சக்கரம் நிமிர்ந்து, ரப்பர் முழுதாகத் தரையில் படியும்.

கழற்றினால்தான் தொடங்கும்

பட்டறைக்கு வரும் காரில் முதல் சில நாட்கள் கழற்றுவதுதான் வேலை. பின்சீட், கதவு அட்டைகள், தரை விரிப்பு, சத்தம் அடக்க ஒட்டிய தார்ப் பட்டைகள், ஏசி, ஸ்பீக்கர், உட்கூரைத் துணி எல்லாம் வெளியே வந்துவிடும். கடைசியில் வெறும் தகரக் கூடு மிஞ்சும். குறையும் ஒவ்வொரு கிலோவும் மூன்று தடவை பலன் தரும்: கிளம்பும்போது, நிற்கும்போது, திரும்பும்போது. என்ஜினில் கூட்டும் சக்தி கிளம்பும்போது மட்டும்தான் உதவும்.

அப்படிக் குறைத்த எடையில் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளே ஏற்றுகிறார்கள். இரும்புக் குழாய்களை வளைத்து, தகரக் கூட்டோடு பற்றவைத்து, ஒரு கூண்டு கட்டுகிறார்கள். ரோல் கேஜ் என்பது இதுதான். கார் உருண்டால் கூரை நசுங்கி டிரைவர் தலையில் இறங்காமல் காப்பது இதன் முதல் வேலை. இரண்டாவது வேலை பலருக்குத் தெரியாது.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம் ஆடிப்போன கட்டிலில் கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தொய்ந்துவிடும், ஏனென்றால் சட்டமே நெளிந்து கொடுக்கிறது. காரின் உடலும் வளைவில் முறுக்கப்படுகிறது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கவனமாகத் தேர்ந்து மாட்டினாலும், உடல் நெளிந்தால் அந்தக் கவனம் வீண்தான். கூண்டு உடலை இறுக்குகிறது. அதன் பிறகுதான் ஸ்பிரிங்கில் செய்யும் சிறு மாற்றமும் டயரில் தெரிகிறது. உயிரைக் காக்கும் பொருளே வேகத்துக்கும் அடித்தளமாவது எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம்.

கூண்டுக்குள் உடலை அணைத்துப் பிடிக்கும் ஒரே ஒரு சீட், தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் கட்டும் பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்ச். போட்டிக்கு முன் அதிகாரிகள் இவை ஒவ்வொன்றையும் சோதிப்பார்கள். அதில் தேறாத கார் ஓடாது.

ஒரு மிதி

இனி இந்த அத்தியாயத்தின் நடுக்கணக்கு. காகிதம் தேவையில்லை, கூடவே வாருங்கள்.

டிரைவரோடு சேர்த்து 1,050 கிலோ எடையுள்ள ஒரு சிட்டி, நேர்பாதையின் முடிவில் 180 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அடுத்து இறுக்கமான ஒரு வளைவு. 60-க்கு இறங்க வேண்டும். ஓடும் காரிடம் இருக்கும் ஆற்றல் மாயமாக மறைந்துவிடாது. பிரேக் செய்வதெல்லாம் அதை வெப்பமாக மாற்றுவதுதான். பிரேக் பேடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வுகிறது, உரசுகிறது, சூடாகிறது.

எவ்வளவு சூடு? 180-லிருந்து 60-க்கு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை வைத்து, குழாயில் பிடித்த நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். கேஸ் அடுப்பில் அதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். ரேஸ் காருக்கு மூன்றே விநாடி. காற்றின் எதிர்ப்பு ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் பெரும்பங்கு பிரேக்கின் தலையில்தான்.

மூன்று விநாடியில் அத்தனை ஆற்றலைக் கையாள்வதென்றால் அந்தக் கணத்தில் பிரேக்குகளின் வலு ஏறக்குறைய 500 குதிரைச் சக்தி. தெருவில் நிற்கும் விடெக் சிட்டியின் என்ஜினுக்கு 106. காரிலேயே பலசாலியான உறுப்பு பானெட்டுக்குள் இல்லை, சக்கரத்துக்குள் இருக்கிறது.

இப்போது அந்த வெப்பம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பிரேக் பிடிக்கும்போது கார் முன்னே குனிவதால் வேலையில் முக்கால் பங்கு முன்சக்கரங்களுக்கு வருகிறது. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் ஆறு கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் டிஸ்க்கின் சூடு 150 டிகிரி அளவுக்கு ஏறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இப்படிப்பட்ட மிதி சுற்றுக்கு மூன்று என்றாலே பத்துச் சுற்றில் முப்பது. 120 லிட்டர் வெந்நீர். கல்யாண வீட்டு அண்டா நிறைய. டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டினால் மங்கிய சிவப்பில் ஒளிரத் தொடங்கும். மாலை நேரப் போட்டிகளில் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே அந்தச் சிவப்பைப் பார்க்கலாம்.

வீட்டுக் காரின் பேடு இந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. சில சுற்றுகளிலேயே அது பிடியை இழக்கும். பெடலை உதைத்தாலும் கார் நிற்காது. பிரேக் சோர்வு என்று இதைச் சொல்லலாம். ரேஸ் பேடு இதற்கு நேர் எதிர். 500 டிகிரியிலும் உறுதியாகக் கவ்வும். குளிர்ந்திருக்கும்போது சுமாராகத்தான் பிடிக்கும், கீச்சென்று கத்தும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடும் காரில் அதை மாட்டினால் முதல் சிக்னலில் ஆபத்து. டிஸ்க்கைப் பெரிதாக்குவது, முன்பம்பரில் துளையிட்டுக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் காற்றைக் கொண்டுபோவது எல்லாம் இந்தச் சூட்டோடு நடக்கும் சண்டையின் பகுதிகள்.

இந்தச் சண்டையில் கோவளத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். பெயரில்தான் ஆயில், எண்ணெய்க்கு நேர்மாறாக இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உப்பு ஜாடியை மூடாமல் வைத்தால் நம் ஊரில் என்ன ஆகிறதோ அதுதான் இதற்கும் ஆகிறது. டாட் 4 என்ற தர முத்திரை உள்ள பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான ஈரம் கலந்தாலே அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும்.

கொதித்தால் என்ன? குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். டிரைவர் மிதிப்பார், பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும், அழுத்தம் முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். 500 டிகிரி டிஸ்க்குக்கு இரண்டு விரல் தூரத்தில் இருக்கும் திரவம் என்பதை மறக்கக் கூடாது. அதனால் ரேஸ் அணிகள் 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் வகையைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு போட்டிக்கும் பழையதை வெளியேற்றிப் புதிதாக நிரப்புவார்கள். நேற்றுத் திறந்த பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தாலும் நல்ல மெக்கானிக் இன்றைக்கு அதைத் தொடமாட்டார். கடலோரத்தில் வாழும் நாம் வீட்டுக் காருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். சர்வீஸ் பில்லில் அந்த வரியை அடித்துவிடாதீர்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன்.

இன்னொரு எண்ணும் அந்த மிதியில் ஒளிந்திருக்கிறது. ரேஸ் டயர் போட்ட கார் இந்த வேகத்தைக் குறைக்க ஏறக்குறைய 100 மீட்டர் எடுக்கும். சாதாரண டயரில், பிரேக் புதிதாக இருந்தாலும், 130 மீட்டருக்கு மேல் வேண்டும். அந்த 30 மீட்டர் நேர்பாதையில் ரேஸ் டிரைவர் இன்னும் முழு ஆக்சிலேட்டரில் இருக்கிறார். முந்துவது பெரும்பாலும் அந்த 30 மீட்டரில்தான் நடக்கிறது.

பானெட்டைத் திறப்போம்

என்ஜினுக்கு இப்போது வரலாம். அதிலும் முதலில் பார்ப்பது சக்தியை அல்ல, உயிர் பிழைப்பதை. நீண்ட வளைவில் கார் திரும்பும்போது அடியில் உள்ள எண்ணெய் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். வாளித் தண்ணீரைச் சுழற்றினால் ஓரத்தில் ஏறுவதுபோல. எண்ணெயை உறிஞ்சும் குழாய் அந்த விநாடி காற்றைக் குடிக்கும். நிமிடத்துக்கு 7,000 தடவை சுழலும் என்ஜின் எண்ணெய் இல்லாமல் சில விநாடிகளில் தன்னையே தின்றுவிடும். அதனால் எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளை வைக்கிறார்கள். எண்ணெய்க்குத் தனி ரேடியேட்டர், பெரிய தண்ணீர் ரேடியேட்டர் என்று வேலை தொடர்கிறது.

நம் வெயிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 40 டிகிரியில் உள்ள காற்று 15 டிகிரிக் காற்றைவிட எட்டு சதவீதம் லேசானது. என்ஜின் மூச்சிழுக்கும் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கிறது. பானெட்டுக்குள் சுற்றும் சூடான காற்றைத் தவிர்த்து முன்பக்கத்துக் காற்றை நேரே கொண்டுவருவது, செலவு குறைந்த நல்ல மாற்றம்.

பிறகு வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் தண்டு, அடைப்பில்லாத சைலன்சர், எரிபொருள் கணக்கைத் திருத்தி எழுதிய கணினி. இவற்றில் எவை செல்லும் என்பதைப் போட்டி வகுப்பின் விதிதான் தீர்மானிக்கும். அதிகம் பேசப்படாத, ஆனால் பெரிய பலன் தரும் பொருள், என்ஜின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கிறது. சிட்டியில் முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரத்தின் மேல் சுமை குறைந்திருக்கும். சாதாரண டிஃபரென்ஷியலில் அந்தச் சக்கரம் வெறுமனே சுற்ற, என்ஜின் சக்தி அதன் வழியாக வீணாகும். சேற்றில் ஒரு சக்கரம் மாட்டிய காரை நினைத்தால் புரியும். இரு சக்கரங்களின் வேக வித்தியாசத்தை ஓரளவுக்கு மேல் விடாமல் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் டிஃபரென்ஷியலை மாட்டினால், அதே 106 குதிரைகள் வேறு குதிரைகளாகிவிடும்.

விதி பெற்ற கார்

தெருக் காரை ரேஸ் காராக்குவதற்குப் பதிலாக, ரேஸுக்காகவே ஒரு தெருக் காரைப் பெற்றெடுத்த கதையும் உண்டு. 1980-களின் குரூப் ஏ விதி, 12 மாதத்தில் 5,000 கார்கள் விற்பனைக்கென்று தயாரித்தால்தான் அந்த மாடல் ரேஸில் ஓடலாம் என்றது. பிஎம்டபிள்யூ, சாதாரண 3 சீரிஸின் பின்கண்ணாடிச் சரிவை மாற்றி, டிக்கி மூடியை உயர்த்தி, அகலச் சக்கரங்களுக்காக மட்கார்டை விரித்து, எம்3 என்ற பெயரில் 1986-ல் விற்கத் தொடங்கியது. 1987-ல் உலக டூரிங் கார் பட்டத்தை இத்தாலியின் ராபர்ட்டோ ரவாலியா அந்தக் காரில் வென்றார். இன்றைக்கு நாம் விரும்பிப் பார்க்கும் ஸ்போர்ட்ஸ் செடான் பரம்பரைக்கு ஒரு விதிப்புத்தகமும் பெற்றோர்.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் போட்டி நடத்தியது. ஃபியட்டும் அம்பாசடருமாக, இருந்த கார்களை வைத்துத் தேற்றிய காலம் அது. இறக்குமதிக்கு வழியில்லாததால் பாகங்களை இங்கேயே கடைந்தார்கள். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரே கட்டினார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகளோடு நிரந்தர டிராக் வந்தது. மாருதி எஸ்டீமும் சிட்டியும் அங்கேதான் வளர்ந்தன. 2010-ல் ஃபோக்ஸ்வாகன் போலோ டீசல் கார்களோடு ஒரு தொடரைத் தொடங்கியது. பின்னால் வென்டோ, அதற்குப் பின் அமியோ என்று டிக்கி வைத்த கார்களுக்கு மாறியது. எல்லோருக்கும் ஒரே கார், அதனால் டிரைவரின் கைதான் வித்தியாசம். எனக்கென்னவோ சோழவரம் வழியில் வந்த பட்டறை மூளைமேல்தான் மரியாதை அதிகம். ஒரே மாதிரி சிட்டியை இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வதைப் பார்ப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது.

கோவளம் வேகத்தடை

அன்று மாலை திரும்பும் வழியில் பையன் அடுத்த கேள்வியைக் கேட்டான். "அப்போ நம்ம வண்டியில டயர், பேடு, ஸ்பிரிங் மட்டும் மாத்தினா போதுமா அங்கிள்? ராத்திரி ஈசிஆர்ல ஓட்டிப் பார்க்கலாமே?"

நான் காரை ஓரமாக நிறுத்தித்தான் பதில் சொன்னேன். ஸ்லிக் டயர் ஈசிஆரில் சூடேறாது, மழை வந்தால் சறுக்கும். ரேஸ் பேடு குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. விறைப்பான ஸ்பிரிங், மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி எறியும்; தூக்கிய சக்கரத்துக்குப் பிடிமானம் பூஜ்யம். டிராக்கில் வளைவுக்கு வெளியே காரை வாங்கிக்கொள்ள மண்பரப்பும் டயர்ச் சுவரும் இருக்கும், ஆம்புலன்ஸ் என்ஜினை ஓடவிட்டு நிற்கும். ஈசிஆரில் வளைவுக்கு வெளியே இளநீர்க் கடை இருக்கும். சைக்கிளில் மீன் கூடையோடு ஒருவர் வருவார். அவரை நாம் இருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.

அவன் ஒன்றும் பேசவில்லை. கோவளம் சந்திப்புக்கு முன்னால் வேகத்தடை வந்தது. ஏறி இறங்கினோம்.

"அங்கிள், அந்த சிட்டி இதுல ஏறுமா?"

"அடி தட்டிடும். அதான் அது டிராக்குக்கே லாரியில வருது."